தேங்காய் எண்ணெய் பூசிய டயர்

டயர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறார்கள். "இது எவ்ளோ ஓடும்?" டயரைக் கையில் தொடுவதற்கு முன்பே கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கடையை மகளிடமும் மருமகனிடமும் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். போன ஞாயிறு கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறேன், ஒருவன் வழிமறித்து, "ஆன்ட்டி, டூரிங் டயர் எவ்ளோ வரும்?" என்கிறான். பூசையில் கிடைத்த அமைதி அந்த வாசலிலேயே போய்விட்டது.

பதில் தெரியாமல் கோபப்படவில்லை. நெடுந்தூரம் ஓட்டுகிற பெரிய டூரிங் பைக்கின் பின் டயர் பத்தாயிரம் கிலோமீட்டரும் வரும், பதினைந்தாயிரமும் வரும். முன் டயர் இன்னும் கொஞ்சம் கூட வரும். ஆனால் ஓட்டுகிறவன் எவன், பின்னால் எவ்வளவு பாரம், காற்று எவ்வளவு, எந்த ரோடு என்று தெரியாமல் ஒரு எண்ணைச் சொல்கிறவன் வியாபாரி. டயர்காரன் இல்லை.

நம் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை பறக்கிற வண்டிகள் மரக்காணத்தில் என் கடைக்கு முன்னால்தான் போகும். நேர் ரோடு. வண்டி சாயவே சாயாது. அதனால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சப்பையாகிவிடும். ஓரத்தில் புது டயருக்கு முளைத்திருக்கிற சின்னச் சின்ன ரப்பர் முடி கூட அப்படியே நிற்கும். வண்டிக்காரன் ஓரத்தில் இருக்கிற ரப்பர் வெட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டன் நிறைய இருக்குதே" என்பான். டேய், ரோட்டில் படுவது நடுப்பகுதிடா என்று நான் கத்துவேன். சித்திரை வெயிலில் இன்னொரு கூட்டம் வரும். டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைப் பாதி இறக்கச் சொல்வார்கள். காற்று குறைந்தால்தான் டயர் மடங்கி மடங்கிக் கொதிக்கும். எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

இதெல்லாம் நீங்களே ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. மெஷினில் கற்றுக்கொள்ள முடியாதது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை, கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கோட்டக்குப்பத்திலிருந்து சாதிக் என்பவரும் அவர் மனைவி ரெஹானாவும் ஒரு பெரிய டூரிங் வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டியைப் பார்த்ததும் நானே நின்றுவிட்டேன். ஷோரூமிலிருந்து நேராக வந்தது போல மின்னியது. டயர் இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன.

"காத்து மட்டும் பாத்து வுடுங்கக்கா" என்றார் சாதிக். "நாளன்னிக்கி கொடைக்கானல் போறோம். நானும் இவளும் மட்டும்."

"புது வண்டியா?"

சாதிக் பெருமையாகச் சிரித்தார். "எட்டு வருசம் ஆச்சுக்கா. புதுசு மாதிரியே இருக்குதுல்ல? ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடல."

நின்றுகொண்டே கதையையும் சொல்லிவிட்டார். வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். முதல் விடுப்பில் வந்தபோது வாங்கிய வண்டி. கல்யாணம் ஆன புதிதில், இதில் கொடைக்கானல் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ரெஹானாவிடம் சொன்னவர். அடுத்த விடுப்பில் தங்கை கல்யாணம். அதற்கடுத்து அப்பா மௌத், அடக்கம். ஒரு விடுப்பு வீடு கட்டுவதில் போனது. கொரோனாவில் வரவே முடியவில்லை. இப்போதுதான் எந்த வேலையும் இல்லாத ஒரு விடுப்பு. இன்னும் பத்து நாளில் திரும்பப் போகவேண்டும். ரெஹானா பக்கத்தில் நின்று முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகம் ஏற்கெனவே பாதி மலை ஏறியிருந்தது.

நான் குனிந்து முன் டயரைப் பார்த்தேன். நடுவுக்குப் பக்கத்தில் கூட நாலைந்து ரப்பர் முடி நின்றது. பட்டன் வெட்டுகள் ஆழமாக இருந்தன. கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. பக்கவாட்டை லேசாக விரித்துப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும், தெரியுமல்லவா? முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருடம். வண்டி வாங்குவதற்கும் முந்தின வருடம் அதில் இருந்தது.

நிமிர்ந்தேன். "இந்த டயர்ல மலை ஏறக் கூடாது. ரெண்டையும் மாத்தணும்."

சாதிக் சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இன்னாக்கா சொல்றீங்க? பட்டன் பூரா இருக்குது."

"இருக்குது. ஆனா ரப்பர் செத்துப்போச்சு."

"நான் அங்க பதினெட்டு சக்கரம் ஓட்டறேன். எனக்கே டயர் சொல்லித் தர்றீங்களா? டயர் விக்கறதுக்கு ஆளு கெடைக்கலன்னா நேரா சொல்லுங்க."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம் தொழிலில் இதை எல்லோரும் ஒரு நாள் கேட்பீர்கள். கேட்டதும் இரண்டு வழிதான் தோன்றும். ஒன்று, "எக்கேடு கெட்டாவது போ" என்று காற்றடித்து அனுப்பிவிடுவது. இன்னொன்று, கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போடுவது. நான் சண்டைக்காரி, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குச் சண்டையில் நான் ஜெயித்தால் அந்த ஆள் கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போவார். பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

"இந்த சைஸே என்கிட்ட இல்ல" என்றேன். "விக்கணும்னாலும் என்னால முடியாது. வா, ஒண்ணு காட்டறேன்."

என் கடைக்கு எதிரே உப்பளத்துக்குப் போகும் கிளை ரோடு. உப்பு மூட்டைகளை லாரியில் ஏற்றும் இடம். சிந்திய உப்பு தார் மேலே படிந்து கிடக்கும். அது இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் காலையில் அந்த இடம் மட்டும் வேர்த்த முதுகு மாதிரி பளபளக்கும். உப்பு லாரிக்காரர்கள் எல்லோரும் அங்கே பிரேக்கை யோசித்துத்தான் மிதிப்பார்கள்.

முதலில் நான் என் ஸ்கூட்டரை எடுத்தேன். அதன் பின் டயர் பாதிக்கு மேல் தேய்ந்தது, ஆனால் போட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஈரத்தில் சைக்கிள் வேகத்தில் போய் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். நின்றது.

"இப்ப நீ ஒண்டியா வா. இதே வேகம். பின் பிரேக்கை மட்டும் மிதி. எடது காலு தரையை ஒட்டி இருக்கட்டும்."

அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாத மாடல். சாதிக் வந்தார், மிதித்தார். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கிப் போனது. அவ்வளவு பெரிய ஆள் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளாடித்தான் நிறுத்தினார். கடை வாசலிலிருந்து ரெஹானா "மச்சான்!" என்று கத்தியது உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

உப்பு ஏற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னா பாய், காலைலயே சறுக்கு மரமா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சாதிக் சிரிக்கவில்லை.

கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் நான் பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். கை வழுவழு என்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"டயர்ல இன்னா போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலியே" என்றார் சாதிக்.

ரெஹானா தரையைப் பார்த்தார். "நான்தான்க்கா" என்றார். "வாரா வாரம் தொடைப்பேன். வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகை நேரத்துல. ஷெட்ல நின்னு நின்னு டயர் வெளுத்துப் போச்சி. எண்ணெ போட்டா கறுப்பா ஆச்சி. அதான்..."

சாதிக் திரும்பினார். வழுக்கின பயம், உப்பளத்துப் பெண்கள் சிரித்த அவமானம், என்னிடம் தோற்ற கடுப்பு, எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் போய் விழுந்தது.

"ஏண்டி, டயருக்கு எவளாவது எண்ணெ போடுவாளா? அறிவு இருக்குதா? என்னக் கொல்லப் பாத்தியா நீ? எட்டு வருசமா ஒரு வண்டிய வெச்சிக்கத் தெரியல உனக்கு!"

ரெஹானாவின் கண் நிறைந்துவிட்டது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தாலே போதும், எனக்கு வசதி. டயர் கெட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ரெஹானாவே ஒத்துக்கொண்டுவிட்டார், மாற்றுவதற்கு ஆர்டர் எடுக்கலாம். ஆனால் அது பொய். டயரைப் பற்றிய பொய்யே என் கடையில் நிற்கக் கூடாது, அதுவும் ஒரு பெண் தலையில் ஏறிக்கொண்டு நிற்கக் கூடாது.

"நிறுத்துய்யா" என்றேன். நான் எப்படிச் சொன்னேனோ, நிறுத்தினார்.

"இங்க குனி. இந்த நாலு நம்பரைப் படி. வருசம் இன்னா போட்டிருக்குது?"

படித்தார்.

"டயருக்கு வயசாயிடுச்சி. ஓட்டினாலும் ஓட்டலன்னாலும் வயசாவும். ரப்பர் இறுகிப் போச்சி. உன் பொண்டாட்டி போட்ட எண்ணெ மேலோட இருக்குது, இந்த வெடிப்பு உள்ளருந்து வந்திருக்குது. அவ எண்ணெயே போடாம இருந்தாலும் இது செத்த டயருதான்."

"அப்ப சோப்பு போட்டு எண்ணெய எடுத்துட்டா?" என்றார் சாதிக். விடவில்லை. "அப்ப புடிக்குமில்ல?"

கேள்வி நியாயமானது. கோபத்தில் கேட்டாலும் நியாயம் நியாயம்தான். நான் வாதாடவில்லை. வாளியும் சோப்பும் பிரஷ்ஷும் எடுத்து, இரண்டு டயரையும் நானே தேய்த்துக் கழுவினேன். துணியால் துடைத்து, வெயிலில் நிறுத்திக் காயவைத்தேன். அதற்குள் உப்பு ரோட்டில் ஈரம் குறைந்திருந்தது, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். "போ, இப்ப மிதி."

முதல் தடவை அளவுக்கு இல்லை. ஆனால் வழுக்கியது. சாதிக் இன்னொரு முறை போனார், நான் சொல்லாமலே. அதுவும் வழுக்கியது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, குனிந்து தன் நகத்தை டயரில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தள்ளி நின்ற நேரத்தில் ரெஹானாவிடம் கேட்டேன். "ஏம்மா இவ்ளோ கஷ்டப்பட்டுத் தொடைச்சே?"

"அவரு வீடியோல பேசும்போதெல்லாம் 'வண்டியக் காட்டு'ம்பாருக்கா. காட்டுவேன். டயர் கறுப்பா மின்னினா மொகமே மாறிடும். 'புதுசு மாதிரியே வெச்சிருக்கியேடி'ம்பாரு. அந்த முடி இருக்குது பாருங்க, அதுகூட உதிரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத் தொடைப்பேன்."

எண்ணெய் டயருக்கு ஆகாது, இனிமேல் போடாதே என்று அப்போது சொன்னேன். ஆமாம், எண்ணெயும் தப்புதான். அதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் பெரிய காரணத்தை அவர் புருஷன் காதில் போட்டுவிட்டு, சின்னக் காரணத்தை அவரிடம் தனியாகச் சொன்னேன். டயர் ஏன் போனது என்று சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நான் இந்தத் தொழிலில் கற்றது என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

சாதிக் திரும்பி வந்து, "புது டயர் எப்பக்கா கெடைக்கும்?" என்றார். மனைவி கையில் இருந்த ஹெல்மெட்டை வாங்கித் தானே வைத்துக்கொண்டார்.

சென்னையில் எனக்குச் சரக்குக் கொடுக்கிறவருக்குப் போன் போட்டேன். பின் டயர் இருக்கிறது, முன் டயர் இருக்கிறது என்றார். "பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், படி" என்றேன். முனகிக்கொண்டே படித்தார். பின் டயர் புதுசு. முன் டயர் குடோனில் நாலு வருடம் தூங்கியிருந்தது.

"வேற முன் டயர் நாளன்னிக்கிதான் வரும்" என்றார்.

நான் போனை மூடிக்கொண்டு சாதிக்கிடம் சொன்னேன். சாதிக் தலையில் கை வைத்தார். "ரூம் புக் பண்ணிட்டேன்க்கா. பின்னாடி மட்டும் மாத்திடுங்க. முன்னாடி மெதுவா பாத்துக்கலாம். நானே சொல்றேன்ல?"

இங்கேதான் நம் ஆட்கள் பலர் சறுக்குவார்கள். வாடிக்கையாளர் பாதி வழி இறங்கி வந்துவிட்டார். நம் பேச்சைக் கேட்டுவிட்டார். இனி இன்னும் இழுத்தால் மொத்தமாகப் போய்விடுவாரோ என்று மனசு சொல்லும். மலையில் இறங்கும்போது வண்டியின் பாரம் முழுக்க முன் டயரில்தான் விழும். பின்னால் புதுசு, முன்னால் கல் என்று அனுப்பினால் நான் பாதி வேலை செய்ததாக ஆகாது. வேலையே செய்யாததாக ஆகும்.

"ரெண்டும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. ஒரு நாள் தள்ளிப் போங்க."

"என் லீவே..."

"ஒரு நாள் தள்ளிப் போலாம் மச்சான்" என்றார் ரெஹானா. "எட்டு வருசம் தள்ளியாச்சி."

சாதிக் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

டயர்கள் ஆம்னி பஸ்ஸில் பார்சலாக வந்தன. சக்கரத்தைக் கழற்றி டயர் மாற்றும் மெஷினில் ஏற்றினால் ரிம்மின் உள் விளிம்பில் உப்புக் காற்று அரித்த வெள்ளைப் பொடி. கடலோரத்தில் ஷெட்டில் நின்ற வண்டிக்கு அது வந்தே தீரும். அதைச் சுரண்டி எடுக்காமல் டயரைப் போட்டால் காற்று மெல்லக் கசியும். சுரண்டி எடுத்துப் போட்டேன். கிளம்பும்போது சொன்னேன்: "புது டயரும் கொஞ்ச தூரம் வழுக்கும். மொத நூத்தம்பது கிலோமீட்டர் வரைக்கும் அடக்கமா ஓட்டு. நீ அங்க பதினெட்டு சக்கரம் ஓட்டினாலும் சரி."

"அத இன்னும் வுடலியாக்கா நீங்க?" என்றார்.

"நீ சொன்னத நான் விடுவேனா?"

அவர்கள் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில், வீட்டுக்குப் போகாமல் முதலில் என் கடையில்தான் நிறுத்தினார்கள். சாதிக் இறங்கியதும் டயரைக் காட்டினார். இரண்டு ஓரத்திலும் ஒரு ரப்பர் முடி இல்லை. வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஓரம் வரைக்கும் சீராக உரசியிருந்தது. நம் ஈசிஆர் வண்டிகளில் நான் பார்க்கவே பார்க்காத டயர். ரெஹானா முகம் வெயிலில் கறுத்து, உதடு குளிரில் வெடித்து, அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தார். அந்த டயரைப் பார்த்தே மலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவர்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் சாதிக் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறார். நான் கடையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். பின் டயர் நடுவில் தட்டையாகி, தேய்மானக் கோடு வெளியே தெரிந்தது.

"இன்னாக்கா இது?" என்று ஆரம்பித்தார் சாதிக். "அதுக்குள்ள மொட்டையாயிடுச்சி! இது எவ்ளோ ஓடும்னு நீங்க சொல்லவேயில்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் ரெஹானா பின்னாலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார். "ஓடித்தான மச்சான் தேஞ்சிச்சி? செஞ்சிக் கோட்டை போனோம், நாகூர் போனோம், ஏலகிரி போனோம். ஷெட்லயா நின்னுச்சி?"

நான் குனிந்து தடவிப் பார்த்தேன். ரப்பர் மென்மையாகத்தான் இருந்தது. வயதாவதற்குள் ஓடியே முடிந்துபோன டயர். இந்தக் கடையில் நான் கழற்றிய டயர்களில் எனக்கு மனசு நிறைந்த டயர் எது என்றால் அதுதான். ஆனால் அப்படியெல்லாம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"இன்னாம்மா, எண்ணெ போடறத வுட்டுட்டியா?" என்றேன்.

ரெஹானா ஹெல்மெட்டைக் கழற்றி, முக்காட்டுக்குள் கையை விட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தலைக்கே பத்தலக்கா. இந்த ஹெல்மெட்ட மாட்டிக்கினு இவரு பின்னாடி சுத்திச் சுத்தி, டயரு முடியும் போச்சி, எம் முடியும் போச்சி."